பத்து மாதமும் பத்து வருஷமும்

ஓசூரில் ஒரு வீட்டில் கர்ப்பம் உறுதியானதும் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். எந்த டாக்டர் சுகப்பிரசவத்துக்குக் காத்திருப்பார், யார் அவசரப்பட்டுக் கத்தியை எடுப்பார், அரசு மருத்துவமனையா, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரா என்று மாமியார் முதல் ஆட்டோக்காரர் வரை சாட்சி சொல்வார்கள். நியாயம்தான், இரண்டு உயிர் விஷயம். அதே குழந்தை அரசுப் பள்ளியில் சேர்ந்ததும் கமிஷன் கலைந்துவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்கும் பாதியைப் பெண்களுக்கும் ஒதுக்குகிறது. 2024இல் தமிழகமெங்கும் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. அங்கே மட்டும் 'யாரையாவது போடுங்க சார்' என்பதோடு நம் ஜனநாயகக் கடமை முடிந்துவிடுகிறது.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை, கூட்டத்துக்கு எப்படி வருவது என்பார்கள். ஸ்கேனுக்கு பர்மிஷன் கேட்கத் தெரிந்த வாய்தானே அது? குழுவுக்கு என்ன அதிகாரம் என்பது அடுத்த கேள்வி. பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வந்த பணம் எங்கே போனது என்று பார்ப்பதும் சட்டமே தந்த வேலை. கழிப்பறைக்குத் தண்ணீர் வருமா என்பதும் அதற்குள் அடக்கம். பத்து மாதத்துக்கு நூறு விசாரணை. பத்து வருஷத்துக்கு ஒரு கையெழுத்து, அதுவும் படிக்காமல்.