ஓடினால் ஓடட்டும்

1990களின் தொடக்கத்தில் நோர்வேக்கு வந்த எங்களில் பலருக்கு முதல் வேலை வடக்கே, மீன் தொழிற்சாலைகளில்தான். எனக்கு வாய்த்தது வார்டோ. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் அங்கே திரும்ப முகம் காட்டும். அறைச் சுவரில் மெல்லிய மின்சார ஹீற்றர் ஒன்று. அறை சூடானதும் 'டக்' என்று நிற்கும். ஊருக்குக் காசு அனுப்ப வேண்டிய நாங்கள் அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் கிடப்போம். ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஒரு யூனிற் வெப்பம் தரும் இயந்திரம் அது, நின்றால்தான் மிச்சம்.

இப்போது ஒஸ்லோவில் வீடு, சுவரில் ஹீற் பம்ப். 2021-22 குளிர்காலத்தில் தென் நோர்வேயில் மின்விலை எகிறியபோது, இரவு பகலாக அது ஓடும் சத்தம் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. "இது நிக்குதே இல்லை, பில் எங்க போய் நிக்கப்போகுதோ" என்றாள் மனைவி.

திருத்த வந்தவர் நம்மவர். "அக்கா, ஓடுறது வருத்தமில்லை. எப்பிடி ஓடுது எண்டுதான் பாக்கவேணும்" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஹீற் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருப்பதை அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. குளிர் மிதமான நாளில் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு மூன்று யூனிற் வெப்பம்கூடத் தரும். மைனஸ் 15 பாகையில் அது இரண்டுக்குக் கிட்ட இறங்கலாம். அப்போதும் பழைய ஹீற்றரைவிட இலாபம்தான். இன்வேர்ட்டர் உள்ள பம்ப், வீடு இழக்கும் வெப்பத்துக்கு ஈடாக வேகத்தைக் கூட்டிக் குறைத்து மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். அடிக்கடி நின்று நின்று கிளம்பினால்தான் தேய்மானமும் செலவும்.

ஆனால் எங்களுடையது மெதுவாக ஓடவில்லை, முழு மூச்சில் இரைந்தது. உள்ளே வடிகட்டியைக் கழற்றினார்: பொரியலும் தாளிதமுமாகப் புழங்கும் வீடல்லவா, எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக் காற்றே புகாத நிலை. வெளிப்பெட்டியில் அதைவிட மோசம். பூச்சியப் பாகையை ஒட்டிய ஈரமான நாட்களில்தான் உறைபனி அதிகம் படியும். பம்ப் இடையிடையே தானாகவே அதை உருக்கும். அப்போது ஆவி எழுவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. உருகிய நீர் வடிய வேண்டிய துளையைச் சூடாக்கும் வயர் செத்திருந்ததால், அடித்தட்டில் பனிக்கட்டி இறுகித் தகடுகளின் கீழ்ப்பாகத்தையே மூடிவிட்டது. கூரான எதையும் அவர் கையில் எடுக்கவில்லை. பம்பை நிறுத்திவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றிக் கரைத்தார். வயரை மாற்றினார்.

அதன்பின்னும் பம்ப் நிற்கவில்லை. ஆனால் இரைச்சல் போய்விட்டது.

காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து இரவில் இதை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். கடுங்குளிரில் ஆறவிட்ட வீட்டை மறுபடி சூடாக்க, விடியலில் பம்ப் முழு வேகத்தில் உழைக்கும். மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதிலேயே போய்விடலாம். தயவுசெய்து அணைக்காதீர்கள். வடிகட்டியைக் கழுவுங்கள், வெளிப்பெட்டியின் அடித்தட்டைக் குனிந்து பாருங்கள். அங்கே பனிக்கட்டி இறுகியிருந்தாலோ, இரண்டும் சுத்தமாக இருந்தும் முழு வேகத்தில் இரைந்தாலோ ஆளைக் கூப்பிடுங்கள்.