மொட்டைமாடியில் ஒரு கண்ணாடி மாளிகை

இங்கிலாந்தில் கியூ என்னுமிடத்துத் தாவரத் தோட்டத்தில், 1848இல் கட்டி முடித்த பனைமாளிகை ஒன்று உண்டு. நம் ஊர்க் கொல்லைகளில் ஏறெடுத்துப் பார்ப்பாரின்றி வளரும் வாழைக்கும் அதன் உஷ்ணதேச உறவினர்களுக்கும் வாசஸ்தலம் அமைக்கும் பொருட்டு, அந்நாட்டார் இரும்பும் கண்ணாடியும் கொண்டு அதை எழுப்பி, தரைக்கடியில் கொதிகலன்களை வைத்து, அவற்றிற்கு நிலக்கரி கொண்டுவரச் சுரங்கப்பாதையும் வெட்டினார்கள். அதாவது, காசைக் கரியாக்கி ஒரு சென்னைப்பட்டணத்தை உற்பத்தி செய்தார்கள்.

அசல் சென்னைப்பட்டணத்திலேயே வசிக்கும் என் அத்தான், பெங்களூர் லால்பாக்கில் 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையைத் தரிசித்துத் திரும்பிய உற்சாகத்தில், தம் மொட்டைமாடியில் அப்படி ஒன்றைச் சிறிய அளவில் நிர்மாணித்தார். பெங்களூர் 3000 அடி உயரத்தில் இருப்பதை நினைவூட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவின் கணவர் அல்லவா? அவர் ஆசையாய்க் குடியேற்றிய பெகோனியாக்கள் சித்திரை மாதத்து ஒரே நண்பகலில் கீரை மசியலின் பதத்தை எய்தின.

வுட் என்ற அமெரிக்க பௌதிக நிபுணர் 1909இல், ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும் மற்றொன்றை, கண்ணாடியைப் போல் வெப்பக் கதிரைத் தடுக்காத இந்துப்புப் பலகையாலும் மூடி வெயிலில் வைத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறுவதைக் கண்டு, கண்ணாடி வீட்டின் வெப்பத்துக்குப் பிரதான காரணம் வெளியேற வழியின்றி அடைபட்ட காற்றே என்று நிரூபித்தார். ஜன்னல் மூடிய பஸ்ஸில் மத்தியானம் பிரயாணம் செய்தவர்களுக்கு இந்துப்புச் செலவு அநாவசியம்.

"ஜன்னல்களைத் திறந்துவைத்தால் என்ன, அத்தான்?" என்றேன்.

"திறந்துவிட்டால் அப்புறம் அது என்ன கண்ணாடி வீடு?" என்றார்.

ஆயினும் சூரிய பகவான் என்னைவிட வற்புறுத்திச் சொல்லக்கூடியவர். முதலில் ஜன்னல்கள் திறந்தன. பிறகு, வெளிச்சம் வர வேண்டுமென்று விலை கொடுத்து வாங்கிய கூரைக் கண்ணாடிக்கு, வெளிச்சம் வரக்கூடாதென்று சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. அதன்மேல் பச்சை நிழல்வலை, பக்கங்களில் நனைத்த கோணி, கடைசியில் பக்கக் கண்ணாடிகளே கழற்றப்பட்டு மாடிப்படியின் கீழ் அடைக்கலம் புகுந்தன. எஞ்சி நின்றதை அக்கா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "பந்தல் நன்றாயிருக்கிறது" என்றாள். அகத்தியை நட்டு, அதன் நிழலிலேயே வெற்றிலைக்கொடியை ஏற்றி, வாய்க்கால் நீரால் தரையைக் குளிரவைக்கும் நம் கொடிக்கால்காரருக்கு இந்த சாஸ்திரம் முழுவதும் பரம்பரையாகத் தெரியும். அவருக்கு ஆணிச் செலவு கூட இல்லை.

அத்தானின் பணம் முற்றிலும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. ஐப்பசி அடைமழையில் அண்டை வீட்டு நாற்றெல்லாம் அழுகிப்போக, அவருடைய தக்காளி நாற்று மட்டும் அந்தக் கூரையின் கீழ் தலைநிமிர்ந்து நின்றது. உஷ்ணதேசத்தில் இத்தகைய வீட்டின் மெய்யான உபயோகம் குளிரைத் தடுப்பதன்று, மழையைத் தடுப்பதே. இதை அவர் கண்டுபிடித்த அதே வாரத்தில் அக்காவும் கண்டுபிடித்து, குறுக்கே இரண்டு கொடி கட்டிவிட்டாள். ஆகவே, வெளியே மழை விட்ட பிறகும், பிழியாத வேட்டிகளிலிருந்து நாற்றுகளின்மேல் ஒரு நாழிகை தூறிக்கொண்டிருக்கும்.