கிரிஸ்கோ தெரியாதவன் மக்காம்லா!

ஏலே பேராண்டி, இப்படி வந்து குத்தவை. இன்ன இனத்தானுக்கு மூளை கூட, இன்ன இனத்தானுக்குக் கம்மின்னு விஞ்ஞானமே சொல்லிட்டுன்னு துள்ளுதியே, அந்த விஞ்ஞானத்தோட பூர்வோத்தரம் தெரியுமாலே ஒனக்கு?

அமெரிக்காவுல, பிலடெல்பியாவுல, சாமுவேல் மார்ட்டன்னு ஒரு டாக்டர். கண்ட தேசத்து மண்டை ஓட்டையும் சேத்து வச்சு, 1839-ல புத்தகம் போட்டாரு. எப்படி அளந்தாருங்கிறியா? ஓட்டுக்குள்ள வெள்ளை மிளகக் கொட்டி, எவன் மண்டையில எம்புட்டுக் கொள்ளுதுன்னு பாத்தாரு. பெறவு அது சரிப்படலன்னு ஈயக் குண்டுக்கு மாறினாரு. ரசத்துக்கு ஆகவேண்டிய மிளகு வீணாப் போச்சு, போ. நம்ம மெட்ராஸ் மியூசியத்துலயும் எட்கர் தர்ஸ்டன்னு ஒரு தொர இருந்தாரு. சாதி சாதியா ஆளப் பிடிச்சு மூக்க அளந்தாரு. சளி பிடிச்சவன எந்தக் கணக்குல சேத்தாரோ!

சரி, மண்டையும் மூக்கும் கெடக்கட்டும். பரீட்சை வச்சா நியாயம்லான்னு கேப்ப. 1905-ல பாரிசுல ஆல்பிரட் பினேன்னு ஒருத்தர் அதத்தான் செஞ்சாரு. பள்ளிக்கூடத்துல பின்தங்குத பிள்ளையளக் கண்டுபிடிச்சு, கூடக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கதுக்காக. நல்ல மனுசன். அறிவு பெறந்தப்பவே முடிஞ்சுபோற கணக்கில்ல, வளக்கலாம்னு எழுதியும் வச்சாரு. பரீட்சை கடல் தாண்டிச்சு, கதை மாறிட்டு.

1917-ல அமெரிக்கா மொத உலகச் சண்டைக்குப் போச்சுலா? ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில, பட்டாளத்துக்கு வந்த 17 லட்சத்துக்கு மேல ஆளுகளுக்குப் பரீட்சை. கேள்வியக் கேளு. கிரிஸ்கோன்னா என்ன? மருந்தா, கிருமிநாசினியா, பல் வெளக்குத பசையா, திங்கிற சாமானா? அது டப்பாவுல அடைச்சு வித்த வனஸ்பதிலே! நேத்து கப்பல விட்டு எறங்கினவன், ஆலிவ் எண்ணெயில தாளிச்சுத் தின்னவன், அவன் என்னத்தக் கண்டான்? எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குப் படம். டென்னிஸ் ஆடுத படத்துல வலையக் காணோம், வரைஞ்சு காட்டு. டென்னிசையே பாக்காத சிசிலிக் குடியானவன் எதலே வரைவான்? அவன் தோட்டத்துக்கு இவுகளக் கூட்டிட்டுப் போயி, ஏர்ல ஒரு ஆணியக் கழத்தி வச்சுட்டு, என்னத்தக் காணோம்னு கேட்டிருக்கணும். அம்புட்டுப் புரொபசரும் பெயிலு.

மார்க்கப் பாரு, இன்னும் கூத்து. அமெரிக்காவுக்கு வந்து இருவது வருசமானவன் நல்ல மார்க்கு. அஞ்சு வருசத்துக்குள்ள வந்தவன் கம்மி. இருந்து பழகினவனுக்கு ஊரு தெரியும், இதுக்கு ஒங்க ஆச்சியே பதில் சொல்லுவா. கார்ல் பிரிகம்னு பிரின்ஸ்டன் பேராசிரியர் 1923-ல என்ன எழுதினாரு தெரியுமா? முன்னால வந்தது நல்ல சரக்கு, இப்ப வாரது மட்டச் சரக்காம்! எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாவ?

அதே பரீட்சையில, அமெரிக்காவோட வடக்கத்தி மாகாணம் சிலதுல உள்ள கறுப்பு ஆளுக, தெக்கத்தி மாகாணம் சிலதுல உள்ள வெள்ளைக்காரன விட மார்க்கு கூட வாங்கிருந்தாவ. அங்க பள்ளிக்கூடம் நல்லாருந்துச்சு, அம்புட்டுத்தான் சூட்சுமம். ரத்தத்துல உள்ள சங்கதின்னா ரயிலேறினா மாறுமாலே?

1930-ல பிரிகமே, நான் எழுதினதுக்கு அஸ்திவாரமே இல்லன்னு ஒத்துக்கிட்டாரு. பெரிய மனசு, இல்லங்கல. ஆனா 1924-லயே சட்டம் போட்டாச்சு. இத்தாலிக்காரன், போலந்துக்காரன், யூதன் எல்லாம் எண்ணி எண்ணித்தான் உள்ள வரணும். ஆசியாக்காரனுக்குக் கதவையே சாத்தியாச்சு. தேசத்துக்கு இத்தனை பேருங்கிற அந்தக் கணக்க ஒழிக்க 1965 வரைக்கும் ஆச்சு. ஒத்துக்கிட்டது ஒருத்தர், அனுபவிச்சது வேற ஆளு.

அதனால, இனிமே எவனாவது இனத்துக்கு இத்தனை மார்க்குன்னு அட்டவணையத் தூக்கிட்டு வந்தாம்னா, வாயப் பொளக்காத. மொதல்ல கேள்வித்தாளக் காட்டச் சொல்லு.