தாளாளர் தம்பிக்கு ஒரு யோசனை

வாங்க தம்பி, உக்காருங்க. கல்லூரியில தொழில்முனைவோர் மையம் திறந்திருக்கீங்களாமே! ரிப்பன் வெட்டினது, சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பேசினது எல்லாம் பேரன் சொன்னான். சாயங்காலம் நாலரைக்கே பூட்டிடறீங்களாம். சரிதான், பயலுங்களுக்கு யோசனை வர்றதும் ஆபீஸ் நேரத்துலதானே வரணும்? கரண்டும் மிச்சம்.

2019-ல மத்திய அரசு கல்லூரிகளுக்குன்னே ஒரு ஸ்டார்ட்அப் கொள்கை போட்டுச்சு. படிச்சிருப்பீங்க. கம்பெனி நடத்துற பையன் வருகைப்பதிவு குறைஞ்சாலும் அனுமதி வாங்கிப் பரீட்சை எழுதலாம். ஒரு செமஸ்டரோ ஒரு வருசமோ விட்டுட்டு வந்தும் படிக்கலாம். கல்லூரி விலாசத்துலயே கம்பெனியைப் பதியலாம். கல்லூரி பட்ஜெட்டுல நூத்துக்கு ஒரு ரூபாய் இதுக்குன்னு ஒதுக்கணும்னும் இருக்கு. உதவி செஞ்ச கல்லூரி 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கலாமாம். உங்க பிரதியில அந்தப் பக்கம் மட்டும் மூலை மடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க, வயசாயிட்டா வாய் அடங்க மாட்டேங்குது.

சென்னை ஐஐடியில படிச்ச தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல ஏத்தர் கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல கை கொடுத்தது அவங்க படிச்ச அதே வளாகம். மொதல்ல பேட்டரி, அப்புறம்தான் ஸ்கூட்டர். வண்டி விற்பனைக்கு வர 2018 ஆயிடுச்சு. அஞ்சு வருசம் தம்பி! உங்ககிட்ட அஞ்சு நாள் லீவு கேட்டா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்றீங்க. அவரும் வந்து, "எப்படியாவது ஒரு கேம்பஸ் வேலை வாங்கிக் கொடுத்துருங்க சார்"னு கும்பிடறார். பொண்ணு கொடுக்க வர்றவங்க எந்தக் கம்பெனின்னு கேக்கறப்ப "என் கம்பெனி"ன்னு சொன்னா, காப்பியைக்கூடக் குடிக்காம எழுந்துருவாங்கன்னு அவருக்குப் பயம். அந்தக் குத்தம் உங்க மேல இல்ல.

ஆனா ஒண்ணு உங்க கையில இருக்கு. தொழில் ஆரம்பிக்கிறவனுக்குப் பரிசுக் கோப்பையைவிட மொத வாடிக்கைக்காரன்தான் முக்கியம். கல்லூரி பஸ் எங்க வருதுன்னு காட்டற ஆப்பை வெளியூர்க் கம்பெனிகிட்ட வாங்கியிருக்கீங்க. அதைச் செய்யத் தெரிஞ்ச பயலுங்க உங்க மூணாம் வருச வகுப்புலயே கடைசி பெஞ்சுல இருக்காங்க. அடுத்த ஆர்டரை அவங்களுக்குக் கொடுங்க. சரியில்லேன்னா திருப்பிக் கொடுங்க, திட்டுங்க, மறுபடி செஞ்சு வரச் சொல்லுங்க. சரியா இருந்தா மாணவன்தானேன்னு இழுத்தடிக்காம, பில் வந்த வாரமே பணத்தைக் கொடுத்துருங்க. சால்வையை அடுத்த ஆண்டுவிழாவுல போத்திக்கலாம்.