பழைய பொம்மை டிப்பருக்கு ரிமோட் பூட்டுதல்: ஓர் ஆராய்ச்சி

1. இலக்கணமும் எல்லையும்

எஞ்சின் இல்லாமலே பிறந்து, எஞ்சின் இல்லாமலே பல்லாண்டு மண் சுமந்த ஒரு பொம்மை லாரியைத் தொடாமலே ஓடவும் திரும்பவும் கொட்டவும் செய்வது ரிமோட் பூட்டுதல் எனப்படும். 'தொடாமல்' என்பது வண்டி ஓடும் வேளைக்கு மட்டுமே உரியது. அந்த வேளை வருவதற்கு முன் அதை எத்தனை மாதம் தொட வேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொன்னால் துறைக்கு ஆள் சேராது. ஆதலால் ஆசிரியர்கள் அதைச் சொல்லாமல் விடுவது மரபு.

'பழைய' என்பதற்கு எல்லை வகுப்பதில் இரு சாரார் உளர். துருப்பிடித்தது எதுவோ அது பழையது என்பர் ஒரு சாரார். துருவுக்கும் சேர்த்து எதற்கு விலை சொல்லப்படுகிறதோ அது பழையது என்பர் மற்றொரு சாரார். முதற் கருத்தை ஏற்றால் போன மழையில் நனைந்த வாளியும் பழம்பொருளாகிவிடும். எனவே இரண்டாவதே கொள்ளத்தக்கது. சந்தையும் அதையே கொள்கிறது.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வண்டி டோங்கா நிறுவனத்தின் மைட்டி டம்ப் டிரக். 1946இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மௌண்ட் என்னும் சிற்றூரில் மௌண்ட் மெட்டல்கிராஃப்ட் என்ற பட்டறை தோட்டக் கருவிகள் செய்யும் நோக்கத்தோடு தொடங்கியது. 1947இல் மண்வாரி இயந்திரம், கிரேன் என இரண்டு உலோகப் பொம்மைகளைச் செய்து பார்த்தது. பிறகு பொம்மையே தொழிலாயிற்று. 1955இல், அருகிலிருந்த மின்னடோங்கா ஏரியின் பெயரில் பாதியை எடுத்து டோங்கா ஆனது. 1960களின் நடுவில் மஞ்சள் நிற மைட்டி டிப்பர் வந்தது. 1991இல் நிறுவனம் ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போனது. 2001இல் டோங்கா லாரிகள் அமெரிக்கத் தேசியப் பொம்மைப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றன.

மண்வெட்டி செய்ய வந்தவர்கள் மண் லாரியில் போய் முடிந்தது ஏன் என்பது நெடுநாள் வினா. பொம்மை நன்றாக விற்றது என்பதே விடை. இவ்விடை ஒரே வரியில் அடங்கிவிடுவதால் ஆய்வுலகம் இதை இன்னும் ஏற்கவில்லை.

2. வகைகள்

டிப்பர்: இவ்வாராய்ச்சியின் நாயகன்.

புல்டோசர்: இரு பக்கப் பட்டைக்கும் ஆளுக்கொரு மோட்டார் வைத்தால் ஓட்டமும் திருப்பமும் ஒருங்கே முடிந்துவிடும். சிக்கல் இல்லாததால் ஆராய்ச்சிக்கு இடமில்லை.

ரோடு ரோலர்: மேட்ச்பாக்ஸ் கார்களால் பின்னாளில் பெயர்பெற்ற லண்டன் லெஸ்னி நிறுவனம் 1948இல் செய்த முதல் வார்ப்புப் பொம்மை இதுவே. உள்ளே பேட்டரி வைக்க இடமில்லாததால் வணங்கி விடப்படுகிறது.

கிரேன்: நூல் ஏற்கெனவே சிக்கியிருக்கும்.

3. பிரித்தல்

இக்காலப் பொம்மையைத் திருகாணி கழற்றிப் பிரிக்கலாம். பழைய எஃகுத் தகட்டு வண்டியோ பிரிப்பதற்கென்று செய்யப்பட்டதன்று. தகட்டின் ஓரத்தில் நாக்குப் போன்ற துண்டுகளை எதிர்த் தகட்டின் துளையில் நுழைத்து மடக்கியிருப்பார்கள். ஒருமுறை நிமிர்த்தலாம், ஒருமுறை திரும்ப மடக்கலாம். மூன்றாம் முறை உலோகம் களைத்து ஒடிந்துவிடும். எனவே பிரிப்பவருக்கு மறுபரிசீலனை செய்யும் உரிமை இல்லை. ரிவெட்டுகளைத் துளைப்பானால் குடைந்தெடுத்து அவ்விடத்தில் திருகாணி இட வேண்டும். அச்சுக் கம்பியின் முனையில் அடித்து இறுக்கிய மூடி கழன்று வராது, வந்தால் உருப்படியாக வராது.

4. வண்ணம்

அமெரிக்காவில் 1978இல் ஈயம் 0.06 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பெயின்ட் பொம்மைகளுக்குத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய மஞ்சளை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூள் பறக்கும். தேய்த்தே ஆக வேண்டுமெனில் நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகள் அண்டாத இடத்தில், முகமூடியோடு.

தேய்க்கவே கூடாது என்பாரும் உளர். ஒவ்வொரு கீறலும் வரலாற்று ஆவணம் என்பது அவர்கள் வாதம். இவர்கள் வண்டியின் உள்ளே இருபது துளையிட்டு மூன்று மோட்டார் பொருத்துவதை ஆட்சேபிப்பதில்லை. வரலாறு வெளிப்புறத்தில் மட்டுமே நிகழ்கிறது என்னும் கொள்கை இவர்களுடையது. அக்கொள்கை வேறு சில துறைகளிலும் செல்வாக்கோடு விளங்குகிறது.

5. ஓட்டம்

பொம்மை வண்டியின் சக்கரங்கள் அச்சுக் கம்பியில் தளர்வாகச் சுழல்பவை. அச்சை மோட்டார் சுழற்றினால் அச்சு மட்டும் சுழலும், வண்டி நின்று வேடிக்கை பார்க்கும். ஆகவே சக்கரத்தை அச்சோடு முள்ளிட்டு இறுக்குவது முதற்படி. அடுத்தது, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பல்சக்கரப் பெட்டி உள்ள மோட்டார். சக்கர விட்டம் 10 செ.மீ. எனக் கொண்டால் சுற்றளவு ஏறத்தாழ 31 செ.மீ. அச்சு நிமிடத்துக்கு 60 சுற்று சுழன்றால் வண்டி நொடிக்கு 31 செ.மீ., அதாவது மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும். இது குறைவு என்று தோன்றினால், கல்குவாரியில் ஏற்றிய டிப்பர் மேடேறுவதைப் பார்த்ததில்லை என்று பொருள்.

6. திருப்பம்

மைட்டி டிப்பரின் முன்சக்கரங்கள் ஒரே நேர்க்கம்பியின் இரு முனையில் இருப்பவை. அவை திரும்பா. வண்டியைத் தூக்கித் திருப்பி வைப்பதே தொழிற்சாலை கண்ட வழி. இக்கம்பியை அகற்றி, ஒவ்வொரு சக்கரமும் தன் முளையில் திரும்பும்படி செய்து, இரண்டையும் குறுக்குத் தண்டால் இணைத்து, தண்டை சர்வோ மோட்டாரோடு பூட்ட வேண்டும். வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் போவதால் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் தரையில் இழுபடும்.

இதைச் சரிசெய்யும் அமைப்புக்கு ஆக்கர்மன் அமைப்பு என்று பெயர். அதைக் கண்டவர் ஆக்கர்மன் அல்லர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் குதிரைவண்டி செய்துவந்த கேயோர்க் லாங்கென்ஸ்பெர்கர் கண்டார். லண்டனில் படங்களும் புத்தகங்களும் பதிப்பித்து விற்றுவந்த ருடால்ஃப் ஆக்கர்மன், அவருடைய முகவராக 1818இல் காப்புரிமையைப் பதிவு செய்தார். இருநூறு ஆண்டுகளாக உலகின் எல்லா வண்டிகளும் புத்தகக் கடைக்காரர் பெயரிலேயே திரும்புகின்றன. மாணவர் கண்டதை நெறியாளர் பெயர் முன்னிற்க அச்சிடும் வழக்கத்துக்கு இதுவே முன்மாதிரி என்று ஓர் ஆய்வு மாணவர் நிறுவியதாகச் சொல்லப்படுகிறது. அக்கட்டுரை அவருடைய நெறியாளர் பெயரில் கிடைக்கிறது.

7. தொட்டி

தொட்டியைத் தூக்க மறையிட்ட தண்டே சிறந்தது. சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் மறை, நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுழன்றால், நொடிக்கு 5 மி.மீ. ஏறும். 10 செ.மீ. ஏற 20 நொடியாகும். மின்சாரம் நின்றாலும் மறை பின்னோக்கி வழுக்காது, தொட்டி தூக்கியபடியே நிற்கும். கொட்டிய மண்ணைக் கூட்டி அள்ளுவது பற்றி இத்துறையில் இலக்கியம் இல்லை. அது வீட்டிலுள்ள பிறரின் துறை.

8. வானொலியும் மின்கலமும்

1898இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா, நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். அமெரிக்கக் காப்புரிமை எண் 613,809. துறையின் எஞ்சிய வரலாறு, அப்படகைத் தரையேற்றிய வரலாறே.

முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் படிக இணைகளை வைத்து ஓட்டினர். ஒரே படிக எண் உள்ள இருவர் ஒரு மைதானத்தில் நின்றால், ஒருவர் திருப்ப மற்றவர் வண்டி வாய்க்காலில் இறங்கும். இக்காலத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ரிசீவர் தன் ரிமோட்டை அடையாளம் கண்டு அதற்கு மட்டுமே செவிசாய்க்கும். ரிசீவர் 20 மில்லி நொடிக்கு ஒருமுறை சர்வோவுக்கு ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பு 1.5 மில்லி நொடி நீண்டால் சக்கரம் நேர், 1 மில்லி நொடியானால் ஒரு கோடி, 2 ஆனால் மறுகோடி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. ஆதலால் ஆண்டெனாவின் நுனியில் அதன் கால் பங்கான 3 செ.மீ. அளவே வேலை செய்கிறது. அந்த நுனி எஃகுக் கூட்டுக்குள் அடைபட்டால் அலை எட்டாது. கூரையில் துளையிட்டு வெளியே நீட்ட வேண்டும். நான்காம் இயலில் கண்ட வரலாற்றுக் காவலர்கள் இவ்விடத்தில் வெளிநடப்புச் செய்வர்.

லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் 3.7 வோல்ட், நிரம்பினால் 4.2. மூன்றுக்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுவிடும், குத்திக் கிழித்தால் தீப்பிடிக்கும். தகட்டு விளிம்புகளைச் சீவி மழுக்கிய பின்பே உள்ளே வைக்க வேண்டும்.

9. வாயொலி

டிப்பரின் உறுப்புகளுள் மிக நுட்பமானதும் மிகக் குறைவாக ஆராயப்பட்டதும் அதன் ஒலி. ரிமோட் பூட்டும்வரை எஞ்சின் ஒலி வண்டியிலிருந்து வந்ததில்லை. தள்ளுபவரின் வாயிலிருந்து வந்தது. நாநுனியை மேல்ஈற்றில் தளர ஒட்டி மூச்சை விட்டால் நா அதிர்ந்து 'ட்ர்ர்ர்' எனும். அவ்வதிர்வு நொடிக்கு 25 முதல் 30 வரை. ஆறு சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின், நிமிடத்துக்கு 600 சுற்றில் நின்று உறுமும்போது, சுற்றுக்கு மூன்று வெடிப்பு வீதம் நொடிக்கு 30 முறை வெடிக்கிறது. மேடேற எஞ்சின் வேகமெடுக்கும்போது நா அவ்வளவுக்கு ஈடுகொடுக்காது. ஆதலால் குழந்தை குரலை உயர்த்திச் சமாளிக்கிறது. ஐந்து வயதில் ஒருவர் எக்கருவியும் இன்றி டீசல் எஞ்சினின் வெடிப்பு விகிதத்தைப் பிடித்துவிடுகிறார் என்பது உண்மையிலேயே பயனுள்ள செய்தி. எனவே அதை விட்டு இலக்கணத்துக்குப் போவதே முறை.

'ட்ர்ர்ர்' தமிழ் இலக்கணப்படி மூன்று குற்றமுடையது. தனி மெய் மொழிக்கு முதலாகாது. ரகர மெய் தன்னோடு தான் மயங்காது. ஒற்றளபெடையில் நீளத்தக்க மெய்களை வரிசையிட்ட நன்னூல் ரகரத்தைச் சேர்க்கவில்லை. மின்னசோட்டாக் குழந்தைகள் நன்னூல் பயின்றதில்லையே என்பர் சிலர். ஆய்வுப் பொருளை ஆய்வுக்குள் நுழையவிடும் இம்மறுப்பு நெறிமுறைக்கு முரணானது.

குற்றத்துக்கு அமைதியும் அங்கேயே உண்டு. இசை, விளி, பண்டமாற்று முதலிய இடங்களில் உயிரும் ஒற்றும் தம் மாத்திரை அளவைக் கடந்து ஒலிக்கலாம் என்று நன்னூல் இடங்கொடுக்கிறது. 'முதலிய' என்ற வாயில் இருக்கும்போது டிப்பர் நுழையத் தடையில்லை என்பது ஒரு கட்சி. டிப்பர் பண்டத்தை ஏற்றிச் சென்று கொட்டுவதால் நேராகப் பண்டமாற்றிலேயே அடங்கும் என்பது மறு கட்சி. கொட்டுவது மட்டுமே நிகழ்கிறது, மாற்றாக ஒன்றும் பெறப்படவில்லை எனச் சுட்டியவர் கருத்தரங்கில் அடுத்த ஆண்டு அழைக்கப்படவில்லை.

பாடபேதம் மூன்று. நாவதிர்வான 'ட்ர்ர்ர்' பெருவழக்கு. உதட்டதிர்வான 'புர்ர்ர்' சிறுவழக்கு. 'வ்ரூம்' என்பது கார்களிலிருந்து புகுந்த இடைச்செருகல். இவற்றுள் உதட்டுப் பாடத்துக்கு எச்சில் தெறிப்பது இயல்பாதலால், பழைய வண்டிகளின் ஓட்டுநர் அறைக் கூரையில் காணும் துரு மழையால் ஆனதன்று, புர்ர்ர் மரபினரின் கைவண்ணமே என்பது ஒரு துணிபு. இதற்குச் சான்று அச்சேறாத ஓர் ஆய்வேட்டின் மூன்றாம் பின்னிணைப்பிலுள்ள அடிக்குறிப்பு. அடிக்குறிப்பு 'முதல் இயல் காண்க' என்கிறது. முதல் இயல் 'பின்னர் விரிப்பாம்' என்கிறது. விரித்த இடம் என்று பொருளடக்கம் காட்டும் பக்கத்தில், பைண்டு செய்தவர் வேறொருவரின் நெல் சாகுபடி ஆய்வைச் சேர்த்துத் தைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தையும் சான்றாகக் காட்டிய கட்டுரைகள் உண்டு என்றும், அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டி நிலைபெற்றுவிட்டன என்றும் அறிந்தோர் கூறுவர்.

கியர் மாற்றும் இடைவெளி அரை மாத்திரையா, ஒரு மாத்திரையா என்பதிலும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. மூச்சு வாங்குவதற்கே கியர் மாற்றப்படுகிறது என்று குழந்தைகள் தரப்பில் தெரிவிக்கப்படுகிறது.

ரிமோட் பூட்டியபின் இப்பணியை ஒலிப்பலகை ஏற்கிறது. மோட்டாருக்குப் போகும் துடிப்பைப் படித்து, பதிவுசெய்த டீசல் உறுமலை வேகத்துக்கேற்ப ஒலிபெருக்கியில் விடும். இதனால் வாயொலி ஒழிந்தது என்று கொள்ளலாகாது. ரிமோட்டைப் பிடித்திருக்கும் வளர்ந்த மனிதரை உற்று நோக்கினால், மூடிய உதடுகளுக்குள் அது தொடர்வது தெரியவரும்.

10. ஓட்டிப் பார்த்தலும் பேணலும்

ரிமோட்டை முதலில் போட்டு வண்டியைப் பின்னர் போடுக. அணைக்கும்போது வண்டி முதலில். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரை முன்கூட்டியே அமைத்திடுக. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தல் நலம்.

எச்சரிக்கை ஒன்று. பல்சக்கரப் பெட்டி பூட்டிய வண்டியைக் கையால் தள்ளக் கூடாது. பற்கள் உடையும், மோட்டார் ஜெனரேட்டராகி எலக்ட்ரானிக் பலகைக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். இக்குறையைப் போக்க, பற்களை அச்சிலிருந்து விலக்கும் சிறு நெம்புகோல் ஒன்றைத் தேர்ந்த கைவினைஞர்கள் சேர்க்கிறார்கள். அதை இழுத்துவிட்டால் குழந்தைகள் வண்டியைக் கையால் தள்ளி விளையாடலாம். ரிமோட் பூட்டும் துறையில் இதுவரை எட்டப்பட்டவற்றுள் மிக முன்னேறிய நுட்பம் இதுவே.