நாக்கு இல்லாமல் உணவு ரசிகராவது எப்படி?

உணவு ரசிகராவதற்குப் பசி வேண்டும், ருசி அறியும் நாக்கு வேண்டும் என்பதெல்லாம் பழைய காலத்து நம்பிக்கை. இப்போது ஒரு செல்போனும், எதைக் கண்டாலும் சுளிக்கத் தெரிந்த முகமும் போதும். கீழே உள்ள ஆறு பாடங்களைக் கசடறக் கற்றால், அடுத்த தீபாவளிக்குள் உங்களைக் கேட்காமல் சொந்தபந்தத்தில் யாரும் ஒரு வடையைக்கூடக் கடிக்க மாட்டார்கள்.

பாடம் 1: எந்த ஊருக்குப் போனாலும் வேறு ஊரைச் சாப்பிடுங்கள்

திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணி இலையில் விழுந்ததும், "பாசுமதி இல்லையா?" என்று கேளுங்கள். ஆம்பூரில் பிரியாணிக்குத் துணையாக வரும் கத்தரிக்காய்த் தொக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஐதராபாத்தை நினைத்துப் பெருமூச்சு விடுங்கள். ஐதராபாத்துக்கே போய்விட்டால் என்ன செய்வது என்று கலங்க வேண்டாம். அங்கே உட்கார்ந்து திண்டுக்கல்லைப் புகழலாம்.

பாடம் 2: பரோட்டா ஆறும்வரை பொறுங்கள்

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் மொறுமொறுப்புக்குச் சில நிமிடங்கள்தான் ஆயுள். அந்தப் பொன்னான நேரத்தைத் தின்று வீணாக்கக் கூடாது. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், சால்னா ஊற்றும்போது ஒரு வீடியோ. "இன்னொரு தடவை ஊத்துங்கண்ணே, சரியா விழல" என்று சப்ளையரை நிறுத்தி வையுங்கள். இலை எப்போது காலியாகும் என்று முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள் நிற்கட்டும். எல்லாம் முடிந்து பிய்த்தால் பரோட்டா ஜவ்வாக இழுபடும். அப்போது தீர்ப்பு எழுதுங்கள்: "முன்ன மாதிரி இல்ல."

பாடம் 3: பாராட்டை ஆற்றில் போடுங்கள்

திருநெல்வேலி அல்வாவை வாயில் போட்டதும், "எல்லாம் தாமிரபரணித் தண்ணி!" என்று சொல்ல வேண்டும். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அதைப் புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் விட்டு, அனலில் நின்று கிண்டியவரின் தோள்வலியைப் பற்றி மூச்சே விடாதீர்கள். ஆற்றைப் புகழ்ந்தால் அது கூலி உயர்வு கேட்காது. மனிதரைப் புகழ்வதில் இந்த வசதி கிடையாது.

பாடம் 4: சான்றிதழைச் சுவையுங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல். இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள், தின்றுபார்ப்பது பிறகு. சரக்கு எந்த ஊருக்குச் சொந்தம் என்று குறியீடு சொல்லும்; அந்தப் பொட்டலத்தை எப்போது கட்டினார்கள் என்று சொல்லாது. ஆகவே பேருந்து கிளம்பும் அவசரத்தில் ஜன்னல் வழியாக வாங்குங்கள். தேதியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். கடலைமிட்டாயில் காறல் அடித்தால், "ஒரிஜினல் இப்படித்தான் இருக்கும்" என்று குழந்தைகளுக்கு விளக்குங்கள்.

பாடம் 5: பேக்கரிக்காரருக்கு வகுப்பெடுங்கள்

சாயங்காலம் பப்ஸ் தட்டு சூடாக வெளியே வரும் நேரத்தில் அந்தப் பக்கமே தலைகாட்டாதீர்கள். ஷட்டரை இறக்கும்போது போய், "சூடா இல்லையா?" என்று கேளுங்கள்.

தூத்துக்குடிக்குப் போனால் மக்ரூன் கடையில் கூடுதல் கவனம் தேவை. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, ஐரோப்பாவில் பாதாம் சேர்க்கும் இடத்தில் முந்திரிப்பொடி சேர்த்து, சின்னக் கூம்புகளாகப் பிழிந்து சுட்டு வைத்திருப்பார்கள். கடித்தால் நொறுங்கும், அடுத்த நொடி கரையும். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு, "பாரிஸ்ல கலர் கலரா இருக்குமே, நடுவுல க்ரீம் எங்க?" என்று கேட்டுவிட வேண்டும். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காமல் கடற்காற்றில் திறந்து வையுங்கள். ஈரம் ஏறி நமுத்ததும் கடைக்காரர் மீது பழி போடலாம்.

பாடம் 6: வீட்டில் ஓவன் இருக்கக் கடை எதற்கு?

ஊர் திரும்பியதும் மக்ரூனை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். வெள்ளைக்கருவில் மஞ்சள்கரு கலந்தால் நுரை சரியாகப் பொங்காது என்பார்கள், கலக்கட்டும். முந்திரியை எண்ணெய் விடும்வரை மிக்சியில் ஓட்டுங்கள். இளஞ்சூட்டில் நிதானமாகக் காய வேண்டியதை முழுச்சூட்டில் தள்ளுங்கள். தட்டில் மிஞ்சும் பழுப்பு அடைக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்துவிட்டால் போதும்.

அடுத்தது கேக். சோடா உப்புக்குத் தயிரோ எலுமிச்சையோ ஏதாவதொரு புளிப்பு துணைக்கு வேண்டும், பேக்கிங் பவுடரில் அது ஏற்கெனவே இருக்கிறது என்று யாராவது சொன்னால், "ரெண்டும் வெள்ளைதானே!" என்று வாயை அடையுங்கள். அளவுக்கு, கையில் அகப்பட்ட டம்ளர். கேக் வெந்து நிலைகொள்ளும் முன்பே ஓவன் கதவை அடிக்கடி திறந்து நலம் விசாரியுங்கள். சூடு வெளியேறி நடுவில் குழி விழும். க்ரீமை வேறு எங்கே நிரப்புவதாம்?

இத்தனையும் முடித்த கையோடு, பக்கத்துத் தெருவில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அக்காவுக்குப் போன் போடுங்கள். "கிலோவுக்கு இவ்வளவா? மைதா என்ன விலைன்னு எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று பேரத்தை ஆரம்பியுங்கள்.

இந்த ஆறு பாடமும் கடினமாகத் தோன்றினால் ஒரு குறுக்குவழி உண்டு. அதில் யாரும் உங்களை ரசிகர் என்று கொண்டாட மாட்டார்கள். வயிறும் மனசும் நிறைவதோடு சரி. பரவாயில்லை என்றால் கேளுங்கள். அந்தந்த ஊரில் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். சூடாக வந்ததைச் சூடாகத் தின்னுங்கள். கை கழுவிவிட்டு வரும்போது மாஸ்டர் கண்ணில் பட்டால், "நல்லா இருந்துச்சுண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேக் அக்கா கேட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.