மேசைத் தொலைபேசிக்கு வழிகாட்டும் எண் எதுவென்று அறிவிக்கக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: இணைய எண்கள் ஒதுக்கீட்டு ஆணையம், லாஸ் ஏஞ்சல்ஸ், கலிபோர்னியா.

பொருள்: ஐபி தொலைபேசிகள் தாமாகவே அமைந்துகொள்ளுதல் – டிஎச்சிபி ஆப்ஷன் எண்கள் – ஒரே எண்ணுக்கு மூவர் பட்டா வைத்திருத்தல் – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1997 மார்ச் மாதத்து ஆர்எஃப்சி 2132 (ஆர்எஃப்சி – இணைய நடைமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை).

மேன்மை தங்கிய ஆணையத்தாரின் மேலான கவனத்திற்கு,

அலுவலக மேசையில் வைக்கப்படும் ஐபி தொலைபேசி, அதாவது குரலைச் சிறு பாக்கெட்டுகளாக நறுக்கி நெட்வொர்க் வழியே அனுப்பும் கருவி, பெட்டியைப் பிரித்துக் கேபிளைச் செருகியவுடன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது விற்பனைக் கையேடுகள் அனைத்தும் ஒருமித்த குரலில் அளிக்கும் வாக்குறுதியாகும். அது நிறைவேறுவதற்கு டிஎச்சிபி என்னும் நடைமுறையே துணை நிற்கிறது. நெட்வொர்க்குக்கு வந்து சேரும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலக் குத்தகைக்கு வழங்கும் இந்நடைமுறை, முகவரியோடு சேர்த்து, ‘ஆப்ஷன்’ எனப்படும் எண்ணிட்ட உறைகளில் கூடுதல் செய்திகளையும் அனுப்பவல்லது. உறையின் எண்ணுக்கு ஒரே ஒரு பைட் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதாலும், அதில் 0 இடைவெளி நிரப்பவும் 255 முடிவைக் குறிக்கவும் போய்விடுவதாலும், உலகம் முழுமைக்கும் மிஞ்சுவன 254 எண்களே. தொலைபேசி அறிய விரும்புவதோ ஒன்றே ஒன்று: தனக்குரிய அமைப்புக் கோப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது என்பது. அந்த ஒற்றை விடையை எந்த எண்ணிட்ட உறையில் வைப்பது என்ற வினாவுக்கு ஆணையத்தாரின் பதிவேடு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தாராளமாக வழங்கியிருப்பதே இவ்விண்ணப்பத்துக்குக் காரணம்.

பார்வையில் கண்ட ஆவணம், டிஎஃப்டிபி சர்வரின் பெயருக்கு 66-ஐயும் கோப்பின் பெயருக்கு 67-ஐயும் ஐயத்துக்கு இடமின்றி வழங்கியது. டிஎஃப்டிபி என்பது கடவுச்சொல்லோ அடையாளச் சோதனையோ இல்லாமல் கேட்டவருக்குக் கோப்பை எடுத்துக் கொடுக்கும் மிக எளிய நடைமுறை. ஆணை இவ்வளவு தெளிவாக இருந்தும், தொலைபேசித் தயாரிப்பாளர்களில் சிஸ்கோ 150-ஐத் தன் வழக்கமாக்கிக்கொண்டது. பாலிகாம் 160-ஐப் பார்த்துவிட்டே 66-இன் பக்கம் திரும்பியது. அவாயா முதலில் 176-இலும் பின்னர் 242-இலும் குடியேறியது. வேறு சிலர் 43 என்னும் பொது உறைக்குள் உள்ளுறைகளை மடித்து வைத்தனர். அரசாணை ஒன்றிருக்க ஆளுக்கொரு சுற்றறிக்கை என்ற இந்நிலையில், 150-இன் கதை தனிக் கவனத்துக்குரியது. அவ்வெண்ணுக்கு எதிரே டிஎஃப்டிபி சர்வரின் முகவரி, ஈதர்பூட் எனும் நெட்வொர்க் துவக்க நிரல், கிரப் எனும் துவக்க நிரலின் அமைப்புப் பாதை என மூன்று உரிமையாளர்களின் பெயர்களைப் பதிவேடு அருகருகே காட்டுகிறது. ஒரே மனைக்கு மூன்று பட்டா வழங்கப்பட்டிருப்பதைக் கண்ட வட்டாட்சியர் எவரும் இவ்வளவு அமைதி காத்ததில்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

இந்த ஆக்கிரமிப்பை வரன்முறைப்படுத்தும் முயற்சி நடைபெறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2004 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 3942, அதுவரை அந்தந்த வளாகத்தாரின் சொந்தப் பயன்பாட்டுக்கென விடப்பட்டிருந்த 128 முதல் 223 வரையிலான எண்களைப் பொது ஒதுக்கீட்டுக்கு மாற்றி, ஏற்கெனவே அங்கே கூரை வேய்ந்திருந்த தயாரிப்பாளர்கள் ஆறு மாதங்களுக்குள் முன்வந்து தெரிவிக்க வேண்டும் என்றது. அதன் பயனாக 176-ஆம் எண்ணுக்கு எதிரே, ‘ஐபி தொலைபேசி, தற்காலிக ஒதுக்கீடு, 23 ஜூன் 2005’ என்ற குறிப்பு ஏறியது. குடியிருந்தவர் 242-க்கு வீடு மாறிய பிறகும் அந்தத் தற்காலிகம் அகற்றப்படவில்லை. தற்காலிகம் என்பது எத்தனை ஆண்டுகளைக் கொண்டது என்பதையும் ஆணையத்தார் தெரிவித்தால், பணி நிரந்தரம் கோரிக் காத்திருக்கும் பிற துறையினருக்கும் அது பயன்படும். 150-இன் பயன்பாட்டை விளக்கும் ஆர்எஃப்சி 5859-ஓ 2010-இல்தான் வெளிவந்தது. தொலைபேசிகள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவ்வெண்ணின் துணையோடு மணி அடித்துக்கொண்டிருந்தன.

எண்தான் பல, உள்ளடக்கமாவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. 66 என்னும் உறைக்குள் எழுத்துகள் செல்ல வேண்டும். 150 என்னும் உறைக்குள் நான்கு நான்கு பைட்டுகளாக முகவரிகள் செல்ல வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாத நிர்வாகி ஒருவர், 150-ஐ எழுத்து வகை என்று அறிவித்து, 192.168.10.5 என்ற முகவரியைத் தட்டச்சு செய்து சேமிக்கிறார் என்று கொள்வோம். சர்வர் அதனை ஒவ்வோர் எழுத்தாக ஆஸ்கி குறியெண்களில் அனுப்புகிறது. ஒன்றுக்கு 49, ஒன்பதுக்கு 57, இரண்டுக்கு 50, புள்ளிக்கு 46 என்று வந்து விழும் முதல் நான்கு பைட்டுகளைத் தொலைபேசி 49.57.50.46 என்னும் முகவரியாகப் படிக்கிறது. இம்முகவரிக்குப் புள்ளிகள் உட்படப் பன்னிரண்டு எழுத்துகள் அமைந்துவிட்டது விதியின் விளையாட்டு; ஏனெனில் பன்னிரண்டு நான்கால் மீதியின்றி வகுபடுவதால், நீளம் தவறு என்று மறுக்கவும் வழியின்றி, 49.54.56.46, 49.48.46.53 என மேலும் இரு சர்வர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த அறையில் இருக்கும் சர்வரை விட்டுவிட்டுக் கண்காணாத தொலைவில் கோப்பைத் தேடிக் களைத்து நிற்கும் தொலைபேசியைக் கண்டு நிர்வாகி கேபிளை மாற்றுகிறார், சுவிட்ச்சை மாற்றுகிறார், இறுதியில் தொலைபேசியையே மாற்றுகிறார். 49 என்று தொடங்கும் முகவரித் தொகுதியை 2010-இல் ஆசிய பசிபிக் பதிவகத்துக்கு ஒதுக்கியதும் இதே ஆணையம்தான் என்பதால், இவ்விபத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே அலுவலகத்தின் பதிவேடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

வகை சரியாக அமைந்த இடத்திலும் வேறு தடைகள் உள்ளன. 66-இல் ஒரு தொலைபேசி வெறும் முகவரியை எதிர்பார்க்கிறது. மற்றொன்று எச்டிடிபி என்று தொடங்கும் முழு இணைப்பைக் கேட்கிறது. குரலுக்கெனத் தனி விலான், அதாவது ஒரே கம்பியில் பிரிக்கப்பட்ட தனிப் பாதை, வைத்திருக்கும் அலுவலகத்தில், ஆப்ஷன்கள் கணினிகளுக்குரிய ஸ்கோப்பில், அதாவது அவற்றின் பாதைக்கான முகவரித் தொகுப்பில், மட்டும் எழுதப்பட்டிருந்தால், பாதை மாறிச் சென்ற தொலைபேசிக்கு அங்கே எதுவும் கிடைப்பதில்லை. இவை அனைத்திலும் நுட்பமானது 55-ஆம் ஆப்ஷன். தனக்கு எந்தெந்த உறைகள் வேண்டும் என்று கருவி அனுப்பும் பட்டியல் அது; பெரும்பாலான சர்வர்கள் அப்பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே திருப்பி அனுப்புகின்றன. 160-ஐக் கேட்கும் தொலைபேசிக்காக 150-இல் எத்தனை முறை திருத்தம் செய்தாலும், அத்திருத்தம் சர்வரின் வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. கோளாறு எங்கே என்று காண்பதற்கான நேர்வழி, அத்தொலைபேசி இருக்கும் சுவிட்ச் போர்ட்டின் போக்குவரத்தை வயர்ஷார்க் என்னும் பாக்கெட் ஆய்வு நிரலில் பிடித்து, யுடிபி 67, 68 ஆகிய போர்ட்டுகளில் ஓடும் முதல் பாக்கெட்டின் 55-ஆம் ஆப்ஷனைப் படிப்பதுதான் என்பதைத் துறையினர் அறிவர். அவ்வறிவு அவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் மூன்றாவது தொலைபேசியையும் மாற்றிய பிறகே.

பதிவு செய்வது மட்டுமே தன் பணி, தயாரிப்பாளரைக் கண்டிப்பது தன் அதிகார வரம்பில் இல்லை என்று ஆணையம் விடையிறுக்கலாம், அவ்விடை நியாயமானதும்கூட. குற்றத்தின் பெரும்பகுதி, 66 கையில் இருக்கத் தனி எண் தேடிப் போனவர்களுடையதே. அவர்களிடமே முறையிடலாம் என்று அறிவுறுத்தப்படுமாயின், முறையிடுவதற்கான தொலைபேசி இன்னும் இயங்கத் தொடங்கவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எனவே, 176-இன் தற்காலிகக் குடியிருப்பை நிரந்தரமாக்கவோ காலி செய்விக்கவோ ஆணையிடுமாறும், பதிவேட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே உள்ளடக்கம் எழுத்தா முகவரியா என்பதைக் கண்ணில் படும் அளவில் குறிக்குமாறும், 150-இன் மூன்று உரிமையாளர்களையும் ஒருமுறையேனும் நேரில் அழைத்து விசாரிக்குமாறும் வேண்டப்படுகிறது. ஆணை வெளிவரும் வரை, இவ்வெண்கள் அனைத்தையும் ஒரே ஸ்கோப்பில் எழுதி வைத்துக் காத்திருக்கும் நிர்வாகிகள், எல்லாவற்றிலும் ஒரே வரியை ஒட்டாமல், அந்தந்தத் தொலைபேசியின் கையேட்டைப் பார்த்து அதற்குரிய வடிவில் எழுதுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இங்ஙனம்,
பணிவுள்ள நெட்வொர்க் நிர்வாகிகள்